முதலில் இறங்கியது களவா

'உம்' கொட்ட ஆள் இருந்தால் இந்தக் கதை மெல்லப் போகும், ஆள் இல்லாவிட்டால் தானே எழுந்து நடந்து கடற்கரையில் போய் நின்றுகொள்ளும். எப்படியானாலும் அது புறப்படுகிற இடம் ஒன்றுதான்: கீழமுனையில் மெல்கியோர் சம்மாட்டியின் வீட்டுக்கு மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிய புதன்கிழமை.

சம்மாட்டி என்றால் எங்கள் பக்கத்தில் படகுக்குச் சொந்தக்காரர். படகுக்கு மட்டுமா, அதில் ஏறிப் போகிறவனுடைய காலைக்கும் மாலைக்கும்கூட அவர்தான் சொந்தக்காரர். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளில் பிறந்ததால், அவர்களில் ஒருவருடைய மெல்கியோர் என்ற பெயரை அவருக்கு வைத்தார்கள். மிச்சம் இரண்டு ராஜாக்களை அவரே பெற்று கஸ்பார், பல்தசார் என்று பெயரிட்டு, படகின் நெற்றியிலும் 'மூன்று ராஜாக்கள்' என்று எழுதிவைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் முழந்தாளிடுகிற அந்த மனிதர், பங்குச்சாமியாருக்குத் தெரியாமல் ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வடகிழக்கு மூலையில் கடல் இருக்க வேண்டும் என்றார். கடல் வாசலுக்கு நேரே ஐம்பதடியில் கிடக்கிறதே என்று சம்மாட்டி காட்டியபோது, அது ஊர்க்கடல், வீட்டுக்கென்று ஒரு வீட்டுக்கடல் வேண்டும் என்றார். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை மீன். புதுமனைக்குள் கால் வைக்கிற வரிசையில் மீன்களையும் விட வேண்டும். தலைவர் முதலில், பிறகு மனைவி, மூத்தவன், இளையவன், எல்லோருக்கும் கடைசியில் மருமகள்.

அதற்குத்தான் எமரன்சியைக் கூப்பிட்டார்கள்.

எமரன்சியின் வீட்டுக் கொல்லையில் பதினொரு பிளாஸ்டிக் தொட்டிகள் எந்நேரமும் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும். முக்குளிப்பவர்கள் உயிரோடு கொண்டுவருகிற வண்ண மீன்களைப் பதினைந்து நாள் தன்னிடம் வைத்து, செதிள் தேறியதா, கண் தெளிந்ததா, கொடுத்த இறாலைத் தின்கிறதா என்று பார்த்த பிறகே சென்னைக் கடைகளுக்குப் பொதிந்து அனுப்புவாள். எந்த மீன் எந்த மீனோடு வாழும் என்பதில் அவள் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. கடைக்காரர்கள் போனில், "அக்கா, மூணடி பவளத் தொட்டி, என்னென்ன விடலாம்?" என்று கேட்டால், அவள் தொட்டி கழுவுவதை நிறுத்தாமலே சொல்லுவாள்: "மூணடிக்கு மூணு மீன் போதும், நாலாவது கேட்டா கொண்டுபோயி கிணத்துல விடச் சொல்லு. ஒருத்தன் வாய்க்குள்ள போற அளவுல இன்னொருத்தன் இருக்கப்பிடாது. பவளத்தைக் கொத்துறது வேண்டாம். சாதுவை முதல்ல விடு, அது தனக்கொரு பொந்து பாத்துக்கிடட்டும். சண்டியனைக் கடைசியில விடு, விருந்தாளியா வந்தாத்தான் அவன் அடங்கி இருப்பான். முதல்ல வந்துட்டான்னா தொட்டி பூரா தனக்குத்தான்ம்பான்."

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், ரெமிஜியூஸ், ஊர் வாயில் ரெமி. தாய் தகப்பன் இல்லாத அவனை எமரன்சிதான் வளர்த்தாள். படகிலிருக்கிற காற்று மெஷினிலிருந்து இறங்கும் ரப்பர் ஓஸ் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏழு பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல், ஆழத்தில் நின்று, வலையில்லாமல் கையாலேயே மீன் பிடிப்பான். உளுவைக் குஞ்சுகள் தாமாகவே அவன் உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும் என்பார்கள். ஒரு நாள் அவன் 'மூன்று ராஜாக்க'ளில் ஏறிப் போனான். பிடிக்கக் கூடாத இடத்தில் அவன் கீழே நின்றபோது ரோந்துப் படகு தெரிந்திருக்கிறது. 'மூன்று ராஜாக்கள்' கரைக்கு வந்தபோது அதில் மூன்று ராஜாக்கள் மட்டும் இருந்தார்கள்.

கோயில் படியில் நின்று, ஊர் கேட்க, மெல்கியோர் சம்மாட்டி சொன்னார்: "ரெமியா? அவன் அன்னைக்குக் கடலுக்கே வரலியே. எவளோடயாவது பஸ் ஏறியிருப்பான்."

கீழமுனையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் வயதுக்கு ஒன்றாகத் துக்கமணி அடிக்கும். கடலில் போய் உடல் கிடைக்காவிட்டால், கடைசியாகக் கூட இருந்தவர் மணிக்கயிற்றில் கை வைத்து, போனது இப்படி என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மணி, மணி அடித்தால்தான் கல்லறையில் சிலுவை. ரெமிக்குச் சொல்ல ஆளில்லை. எட்டாம் நாள் கரையில் ஒதுங்கிய ஓஸ் துண்டை எமரன்சி எடுத்துப் பார்த்தாள். நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தது. கடல் எதையும் நேராக வெட்டாது. அதைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மணியடிக்கிற கோயில்பிள்ளை சந்தியாகுவிடம் போய், "இருபத்துநாலு அடி பாக்கி இருக்கு, நெனப்புல வச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சாவு நடக்கவில்லை என்று சம்மாட்டி சொல்லிவிட்டதால் ஊரில் ஒருவரும் அவள் வீட்டுக்குத் துக்கச் சோறு கொண்டுபோகவில்லை. ஒரே ஒருத்தி போனாள், அதுவும் அந்த வீட்டிலிருந்தே: கஸ்பாரின் மனைவி ஜெனோவா. சோற்றுப் பாத்திரத்தை வாசலில் வைத்தாள், திரும்பிப் போனாள்.

இப்போது சம்மாட்டி வீட்டுக்கு மீன் வேண்டும் என்றதும் எமரன்சி, "கல்லுல உயிர் பிடிக்க நாலு மாசம் வேணும் சம்மாட்டி" என்றாள். ரெமி படுத்திருந்த அறையின் கூரையிலிருந்து ஓடுகளை இறக்கினாள். எத்தனை பெரிய அலை மோதினாலும் சத்தம் எழாத ஒரு பாறைத்திட்டு கடலுக்குள் இருக்கிறது, அதற்கு ஊமைப்பார் என்று பெயர், அந்த ஓஸ் வெட்டுப்பட்டது அங்கேதான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அங்கே கொண்டுபோய் ஓடுகளைக் கயிறு கட்டி இறக்கினாள். நாலு மாதமும் கூரையில்லாத அறையில் மழை பெய்தது, அவள் பாத்திரம்கூட வைக்கவில்லை. ஓடுகள் பாசியும் பஞ்சும் சிப்பியும் பிடித்து, ஊதாவும் பச்சையுமாக மேலே வந்தன. தண்ணீரையும் அங்கிருந்தே மொண்டு வந்தாள். கடைசி ஓட்டின் மூலையில் மட்டும் ஆணியால் கொத்தி, சுண்டுவிரல் நுழைகிற ஒரு ஓட்டை போட்டாள்.

தொட்டி வந்து இறங்கிய அந்தப் புதன்கிழமை சம்மாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாளி வாளியாகப் பார்த்தார். உடம்பெல்லாம் புள்ளியும் பெரிய வாயுமாக, விரல் நீளத்தில் ஒரு களவாக் குஞ்சு அவரையே பார்த்தது.

"இதான் நான். நிக்கிற நெலையப் பாத்தியா, ராஜா."

அவர் மனைவி பெர்பெத்தம்மாளுக்குக் கூறைப்பட்டு மஞ்சளில் இருந்த வண்ணாத்தி மீன் பிடித்தது; அது பவளம் கொத்தித் தின்கிற சாதி. கஸ்பார் நீல டாம்சலைக் காட்டினான், தன்னைப் போல நாலு மடங்கு பெரிய மீனையும் விரட்டுகிற சாதி. பல்தசார் பல் வரிசை தெரிந்த கிளாத்தியைக் கேட்டான்.

"மருமகளுக்கு?" என்றாள் எமரன்சி.

"மிஞ்சுனது என்னமும் போடு."

அவள் மண் நிற உளுவை ஒன்றை எடுத்து வைத்தாள். பிறகு, ஒரு முறை, ஒரே ஒரு முறை சொன்னாள்: "சின்னதைத்தான் முதல்ல விடுறது வழக்கம்."

"மருமக முன்னால, மாமனார் பின்னாலயா? உங்க வீட்டு வழக்கத்தை உங்க வீட்டோட வச்சுக்க." சம்மாட்டி சிரித்தார். "அஞ்சும் ஒத்துப்போகும்லா?"

"நீங்க அஞ்சு பேரும் எப்படி இருக்கியளோ, அதுவளும் அப்படியே இருக்கும்."

"அப்ப கவலையே இல்ல."

வாஸ்துக்காரர் சொன்ன வரிசையில் அவள் மீன்களை விட்டாள். முதலில் இறங்கியது களவா. அது நேரே பெரிய ஓட்டின் கீழ் போய்த் திரும்பி, வாயை வெளியே வைத்துப் படுத்துக்கொண்டது. அதே சமயம் மெல்கியோர் சம்மாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து மாடிப்படிக்கு அடியில் போய், தேங்காயும் பழைய டயரும் கிடந்த இடத்தில் திரும்பி உட்கார்ந்து, முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தொட்டியில் மீன் எப்படியோ வீட்டில் ஆள் அப்படி. கஸ்பார் மாடி வராந்தாவைப் பிடித்துக்கொண்டு, துணி உலர்த்த வந்த தாயையே விரட்டினான். பெர்பெத்தம்மாள் காலையிலிருந்து மாலைவரை எதையாவது கொத்திக்கொண்டிருந்தாள், திரைச்சீலையின் சரிகை, தலையணையின் பஞ்சு, கடைசியில் செபமாலையின் மணிகள். பல்தசார் ஸ்டூல்களைக் கவிழ்த்து, டிவி வயரைக் கடித்து, பற்களை நறநறத்துக்கொண்டு நடுக்கூடத்தில் சுற்றினான். கடைசியாக வந்த ஜெனோவா, எல்லா இடத்துக்கும் ஆள் வந்துவிட்டபடியால், அடுக்களையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் போய் ஒடுங்கினாள். அந்தச் சந்தில் அவளைத் தவிர வேறு யாரும் நுழைய முடியவில்லை. ஐவரில் ஒருவராலும் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. அங்கே வந்ததும் கண்ணாடியில் முட்டியதுபோல் மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

ஊர் இதற்குப் பழக மூன்று நாளானது, அதுவும் நடுவில் ஒரு திருமணம் வந்ததால். பால்காரி மதில் மேல் கயிறு கட்டித் தூக்குவாளியை இறக்கினாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் மீட்டர் யார் எல்லையில் இருக்கிறது என்று விசாரித்து, கிளாத்தி தூங்குகிற நேரமாகப் பார்த்து வந்து போனார். பங்குச்சாமியார் வந்து சன்னல் வழியாக நற்கருணை கொடுத்தார். நாக்கை நீட்டத்தான் வேண்டும், விரலைக் கொத்தக் கூடாது என்று பெர்பெத்தம்மாளிடம் தயவாகச் சொன்னார். தொழிலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் முதலில் கடலைப் பார்க்காமல் சன்னல் வழியே தொட்டியைப் பார்த்தார்கள். களவா வயிறு நிறைந்து கிடந்தால்தான் சம்மாட்டியிடம் ஐஸ் கேட்பது, டீசல் கேட்பது. பெண்கள் எமரன்சியின் கொல்லைக்கு நடந்தார்கள். "யக்கா, எங்க மாமியாளுக்கும் ஒண்ணு பாத்து விடேன், பல்லில்லாத சாதியா" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரருக்குப் பேசுற மீன் இருக்கா? வந்தா வாயே தெறக்க மாட்டாரு" என்றாள் இன்னொருத்தி. பக்கத்து ஊர்க் கல்யாணத் தரகர் இரண்டு போட்டோக்களைக் கொண்டுவந்து, இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாமா என்று கேட்டார். எமரன்சி போட்டோக்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தண்ணி நெறைய வேணும், தனிக்குடித்தனம் வைக்கச் சொல்லுங்க" என்றாள். ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடு யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்ததைக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

தினமும் பகல் பத்து மணிக்கு எமரன்சி வருவாள், நறுக்கிய இறாலைப் போடுவாள், பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அவசரப்படவில்லை. நாலு மாதம் ஓட்டில் பாசி பிடிக்கக் காத்திருந்தவளுக்கு ஒரு மீன் வாய் திறக்கக் காத்திருப்பது பெரிதா?

முதலில் வந்து கெஞ்சியவள் பெர்பெத்தம்மாள். கஸ்பார் விரட்டி விரட்டி அவள் புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. தொட்டியில் வண்ணாத்தி மீனின் செட்டையும் அதே இடத்தில் கிழிந்திருந்தது. "எடுத்துப் போடு தாயி, வெளிய எடுத்துப் போடு" என்றாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"நான் கண்டது ஒண்ணுதான். அவரு வந்ததும் அருவாளைக் கழுவுனாரு. மீனே வெட்டாத நாள்ல அருவாளை எதுக்குக் கழுவுதாருன்னு நான் கேக்கல. கேக்கலட்டி, அதான் என் குத்தம்."

எமரன்சி வலைக்கரண்டியைத் தொட்டிக்குள் விட்டு வண்ணாத்தியை எடுத்தாள். பெர்பெத்தம்மாள் வாசற்படி தாண்டித் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம், ஒருவன் வாலை ஒருவன் கடித்துப் போட்டிருந்த இரண்டு ராஜாக்களும் தொட்டிப் பக்கம் வந்தார்கள். "ஓஸை நான் பிடிச்சிருந்தேன், இழுக்கணுமான்னு கேட்டேன்" என்றான் பல்தசார். "அப்பா வெட்டிட்டாரு." கஸ்பார் தலையை ஆட்டினான். கயிற்றைத் தொட்டுச் சொல்கிறோம், எடு என்றார்கள். எடுத்தாள். படி தாண்டியவர்கள் கோயில் பக்கம் போகவில்லை, பஸ் ஏறினார்கள். கஸ்பார் தன் மனைவி உள்ளே இருப்பதைக்கூட டிக்கெட் வாங்கிய பிறகுதான் நினைத்திருப்பான்.

அந்த பஸ் போன புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்த எமரன்சி, மறுநாளிலிருந்து இறால் போடுவதை நிறுத்தினாள்.

தொட்டியில் மிஞ்சியது இரண்டு: ஒன்று வாய், மற்றது அந்த வாய்க்குள் போகிற அளவு. களவா இப்போது ஒரு சாண் வளர்ந்திருந்தது. வீட்டில் சம்மாட்டி அண்டாச் சோற்றைத் தின்றார், ஊறுகாய் ஜாடியை நக்கினார், பிறகு மாடிப்படி அடியை விட்டு அடுக்களைக்குள் வந்து அரிசி டிரம்மின் முன்னால் அசையாமல் உட்கார்ந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. சந்துக்குள்ளிருந்து ஜெனோவாவின் மூச்சு கேட்டது. ஆணியால் கொத்திய ஓட்டைக்குள் உளுவையின் இரண்டு கண்கள் தெரிந்தன.

"ஏட்டி எமரன்சி, அந்தப் பிள்ளை உனக்கு என்ன செஞ்சுது?" என்று குழாயடியில் பெண்கள் கேட்டார்கள்.

"சோறு கொண்டுவந்தா" என்றாள் எமரன்சி.

"அப்பறமும் உனக்கு மனசு வரலியா?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். உளுவை உள்ளே இருக்கும்வரை களவாவுக்கு ஆசை இருக்கும், ஆசை இருக்கும்வரை பசி கூடும், பசி கூடினால்தான் அந்த வாயிலிருந்து சொல் விழும். கணக்கு சரிதான். ஆனால் அன்று அவள் உலையில் அரிசி போடும்போது, வாசலில் வைத்துவிட்டுப் போன அந்தச் சோற்றுப் பாத்திரம் அலமாரியில் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது கண்ணில் பட்டது. அடுப்பை அணைத்தாள். பட்டப்பகலில் சம்மாட்டி வீட்டுக்கு நடந்தாள், வலைக்கரண்டி எடுக்காமல் கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தாள். களவா அவள் விரலைக் கடித்தது, அவள் கையை எடுக்கவில்லை. உளுவை ஓட்டையை விட்டு வந்து, பார்த்து, தானாகவே அவள் கையில் ஏறிக்கொண்டது. ஜெனோவா டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்து, மாமனாரைத் தாண்டி, படியிறங்கிப் போனாள்.

"பாத்திரம் என்கிட்டதான் இருக்கு, பொறவு வந்து வாங்கிக்க" என்றாள் எமரன்சி. விரலில் ரத்தம் சொட்டியது.

பிறகு அவளும் அவரும்தான்.

"என்னையும் எடு."

"சொல்லுங்க."

"உன் முன்னால சொல்லுதேன்."

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கு எதுக்கு? கயித்தைப் பிடிச்சுச் சொல்லுங்க."

"வாசல் தாண்ட முடியாதுன்னு தெரிஞ்சே கேக்கியே, கயித்துக்கு நான் எங்க போவேன்?"

அதற்கு ஊர் வழி செய்தது. கல்லறைத் திருநாளன்று காலை, கீழமுனையில் யாரிடம் எந்தக் கயிறு இருந்ததோ எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள்: நங்கூரக் கயிறு, வலைக்கயிறு, தொட்டில் கயிறு, பால்காரியின் தூக்குவாளிக் கயிறு. மணிக்கயிற்றின் நுனியிலிருந்து ஒன்றோடு ஒன்று முடிந்து, கோயில் படியிறங்கி, தெருவோடு இழுத்து, சாமியார் ஒரு முடிச்சைத் தானே இறுக்கிப் போட்டு, சம்மாட்டி வீட்டுச் சன்னல் கம்பிக்குள் விட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. மெல்கியோர் சம்மாட்டி கயிற்றைப் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"ரெமி கீழ நின்னான். ரோந்துப் படகு வந்துது. ஓஸை நான்தான் வெட்டுனேன். மேல வருவான்னு நெனச்சேன்." நிறுத்தினார். எமரன்சி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இல்ல. வரமாட்டான்னு தெரியும்."

"அடிங்க" என்றாள் அவள்.

இருபத்துநாலு முறையும் அவரே இழுத்தார். அத்தனை முடிச்சுகளும் தெருவில் ஒவ்வொன்றாக விறைத்துத் தளர்ந்தன, மணி ஒவ்வொன்றாக விழுந்தது, எண்ணி எண்ணி உதட்டசைத்தார் சந்தியாகு. சனம் அப்படியே மெழுகுவத்தியோடு கல்லறைக்குத் திரும்பி, ரெமிக்குச் சிலுவை நடப் போனது. தெரு காலியானது.

"சொல்லிட்டேன். தொட்டியை விட்டு எடு."

"எடுக்கேன் சம்மாட்டி. கேட்டதைத்தானே செய்வேன் நான்."

களவாவை வாளிக்கு மாற்றினாள். வாளி நடந்த வழியே அவரும் நடந்தார், வாசற்படியில் மூக்கு முட்டவில்லை. வாளி கரைக்குப் போனது, அவரும் போனார். வாளி படகில் ஏறியது, அவரும் ஏறினார். "எங்கட்டி போறோம்?" என்று அவர் ஒரு முறை கேட்டார். "தொட்டி சின்னது, இது வளர்ற சாதி" என்றாள் அவள். ஊமைப்பாருக்கு மேலே, அலை சத்தமில்லாமல் உடைகிற இடத்தில், வாளியைச் சாய்த்தாள். களவா இறங்கியது. அவரும் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியிறங்குகிறவர் போல இறங்கினார். பிடிக்க அவருக்கு ஓஸ் இல்லை. ஊர் கல்லறையிலிருந்து திரும்பியபோது, எமரன்சி வாளியைக் கவிழ்த்து உலர வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தொட்டியைக் காலி செய்து, சிப்பி பிடித்த ஓடுகளைத் திரும்பவும் ரெமியின் அறை மேலேயே வேய்ந்தாள். முதல் மழையில் அங்கே ஒழுகிய தண்ணீர் உப்புக் கரித்தது. முக்குளிக்கிறவர்கள் ஊமைப்பாரில் ஆள் நீளக் களவா ஒன்று, ஒரு பொந்தின் வாயில் காவல் நாய் போலக் கிடப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பக்கத்தில் யாரும் தூண்டில் போடுவதில்லை.

ஒரு மாதம் கழித்து, கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு பெர்பெத்தம்மாள் கோயில் படியேறி வந்தாள். அறுபத்தொரு அடி அடிக்க வேண்டும் என்று கேட்டாள். "அடிச்சிரலாம்மா" என்றார் சந்தியாகு, "கூட இருந்தவங்க கயித்தைத் தொட்டுச் சொல்லணும்லா." அப்போது தம்பியின் பெயருக்குப் பூசை சொல்ல வந்த எமரன்சி அங்கே நின்றாள். பெர்பெத்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டுபோய், கெஞ்சுகிறவளாக, அந்தக் கையைக் கயிற்றின் மேல் வைத்தாள். களவா கடித்த தழும்பு இன்னும் விரலில் இருந்தது.

மீன் விஷயத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாத எமரன்சி, கயிற்றைப் பிடித்தபடி, நிதானமாகச் சொன்னாள்:

"சம்மாட்டியா? அவரு அன்னைக்குக் கடலுக்கே வரலியே."

பெர்பெத்தம்மாள் அந்தச் சொற்களை முன்பே, கோயில் படியில், தன் புருசன் வாயால் கேட்டிருந்தாள். மேலே மணி காற்றுக்குக்கூட அசையவில்லை.